செனட் ஹவுஸை எதற்குப் பயன்படுத்தலாம்?

கடலோரன்: மெரினா பக்கம் போகிறவர்கள் சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸின் கோபுரங்களைப் பார்க்காமல் இருக்க முடியாது. உள்ளே போய்ப் பார்த்தவர்கள் குறைவு, விழா நாட்களில்தான் வாய்ப்பு. கண்காட்சி, பொது விரிவுரை, மாணவர் விவாதம் என்று வருஷம் முழுக்கத் திறந்து வைக்க வேண்டும் என்கிறேன்.

சுண்ணாம்புக்காரன்: எனக்கு உடன்பாடில்லை. 1874 முதல் 1879 வரை கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் வடிவமைப்பில் எழுந்த மண்டபம் அது. வண்ணக் கண்ணாடி ஜன்னல்களையும் சிற்பத் தூண்களையும் பல்கலைக்கழகத்தின் 150-ஆம் ஆண்டை ஒட்டித்தான் பாடுபட்டு மீட்டெடுத்தார்கள். நிகழ்ச்சி என்றால் மேடை, ஒலிபெருக்கி, தற்காலிக ஒயரிங் எல்லாம் கூடவே வரும். பேனர் கட்ட ஒருவர் சுவரில் ஆணி அடித்தால் போதும், சுற்றிலும் பூச்சு பொலபொலவென்று உதிரும். அப்புறம் யாராவது அந்த ஓட்டையில் சிமென்ட்டை அப்புவார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் விடாது. ஈரம் உள்ளேயே தங்கி, பக்கத்துப் பூச்சையும் கெடுத்துவிடும்.

கடலோரன்: ஆணி அடிக்கக் கூடாது என்று விதி போடுங்கள், அதற்காகக் கதவைச் சாத்த வேண்டியதில்லை. அது காட்சிப் பொருளாகக் கட்டப்பட்டதல்ல. பட்டமளிப்பு விழாக்கள் நடந்த இடம். 1937-ல் சென்னை மாகாணச் சட்டமன்றமே சில மாதங்கள் அங்கேதான் கூடியது. ஆள் புழங்கினால் கூரைக் கசிவு அன்றைக்கே கண்ணில் படும். பூட்டிய கட்டடத்தில் மழைக்காலம் முடிந்த பிறகுதான் தெரியும்.

சுண்ணாம்புக்காரன்: கசிவைப் பார்க்கப் பொறுப்பான ஒரு பராமரிப்பாளர் போதும், கூட்டம் எதற்கு? எதிரே கடல். ஜன்னலைத் திறந்தால் காற்றோடு உப்பும் வரும். அது சுவரின் நுண்துளைகளில் படிகமாகிப் பூச்சை உள்ளிருந்தே தள்ளும்.

ஏட்டுச்சுவடி: நடுவில் வருகிறேன். ஏசி பற்றி இருவருமே பேசவில்லை. கூட்டம் சேர்த்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். குழாய்க்காகச் சுவரைக் குடைவார்கள், குளிர்ந்த பரப்பில் ஈரம் படியும். என் விருப்பம், 1857 முதலான பல்கலைக்கழக ஆவணங்களின் நகல்களை வைத்து ஒரு நிரந்தரக் காட்சி. சிறு குழுக்களாக, வழிகாட்டியோடு, கட்டணம் வாங்கி. வெளி நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு விடவே கூடாது.

சுண்ணாம்புக்காரன்: சரி, இதற்கு ஆட்சேபம் இல்லை. கட்டணம் முழுக்கப் பராமரிப்புக்கே போக வேண்டும்.

கடலோரன்: மாணவர்கள் அங்கேயும் டிக்கெட் வாங்கிய பார்வையாளர்கள்தானா? மாதம் ஒரு விவாதம், மேடை இல்லாமல், மைக் இல்லாமல், நாற்காலி மட்டும் போட்டு. இதைக்கூட மறுத்தால் நான் சம்மதிக்க மாட்டேன்.