பாதையற்ற மலையுச்சியும் மணியும்: அனுபவப் பகிர்வு

முதல் பதிவு

வெட்டிய பாதை எதுவும் இல்லாத, உச்சிவரை மரங்கள் மூடிய மலைகளில் நாயுடன் ஏறியவர்கள் தாங்கள் எதிர்கொண்டவற்றை எழுதலாம் என்று கேட்டிருந்ததால், என்னுடைய ஒரு தோல்வியை இங்கே பதிவு செய்கிறேன்.

என்னுடன் வருபவன் மணி. கலப்பின நாய், எடை 22 கிலோ. அடர்ந்த புதருக்குள் பத்தடி தள்ளிப் போனாலே அவன் கண்ணுக்குத் தெரியமாட்டான் என்பதால், கழுத்துப்பட்டையில் ஒரு சிறு மணியைக் கட்டியிருந்தேன். பூனைக்கு மணி கட்டத்தான் ஆள் கிடைக்காது. மணிக்கு மணி கட்ட ஒரு பிஸ்கட் போதுமானதாக இருந்தது.

அன்று நாங்கள் புறப்பட்ட இடத்திலிருந்து உச்சி 4 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது; ஏற்றம் 600 மீட்டர். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் வகுத்த கணக்கின்படி, 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரமும், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரமும் ஆகும். அதாவது இரண்டு மணி நேரத்துக்குள் நாங்கள் மேலே இருந்திருக்க வேண்டும். ஆனால் அது நடப்பவர்களுக்கான கணக்கு. காற்றில் சாய்ந்த மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் சரிவில் யாரும் நடப்பதில்லை. தாண்டுகிறோம், குனிகிறோம், தவழ்கிறோம், சில இடங்களில் தரையையே தொடாமல் அடிமரத்துக்கு அடிமரம் காலை மாற்றி வைக்கிறோம். மூன்று மணி நேரம் கழித்தும் பாதி ஏற்றம் முடியவில்லை.

மணிக்கு அந்தத் தொல்லை இல்லை. நான் தாண்டிய மரங்களின் அடியில் அவன் புகுந்து போனான். விலங்குகள் நடந்து பழகிய தடங்களை மோப்பம் பிடித்து, எனக்கு முன்னே ஓடிப்போய், நின்று, திரும்பிப் பார்த்தான். அவன் பின்னால் போவது சுகமாக இருந்ததால் திசைகாட்டியைப் பையில் போட்டுவிட்டேன். அன்றைய பிழை அதுதான். மான்களுக்கு மலையுச்சியில் ஒரு வேலையும் இல்லை. அவை தண்ணீருக்கும் மேய்ச்சலுக்குமாகச் சரிவின் குறுக்கே போகின்றன. பள்ளத்தில் ஓடைச் சத்தம் கேட்ட பிறகே வரைபடத்தை விரித்தேன். ஏற நினைத்திருந்த முகட்டைவிட்டு 400 மீட்டர் இடப்புறம் விலகியிருந்தோம்.

மறுபடி முகட்டைப் பிடித்து, உச்சிக்கு இன்னும் 60 மீட்டர் ஏற்றமே மீதம் என்ற நிலையில், மணியோசை நின்றது. காட்டில் நாயின் குரைப்பைவிட அந்த அமைதி அதிகம் பயமுறுத்தும். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பதிலாக ஓர் அலறல்தான் வந்தது. போய்ப் பார்த்தபோது அவன் மூக்கிலும் உதட்டிலுமாகப் பதினொரு முட்கள் குத்தி நின்றன. முள்ளம்பன்றி ஒரு மரப்பொந்துக்குள் முதுகைக் காட்டியபடி அமைதியாக உட்கார்ந்திருந்தது. அது முள்ளை எய்வதில்லை. மூக்கை நீட்டியவன் இவன்தான்.

இங்குள்ள வட அமெரிக்க முள்ளம்பன்றியின் முள் நுனியில் பின்னோக்கிய நுண்கொக்கிகள் உண்டு. தசை அசைய அசைய முள் உள்ளேதான் போகும். முள்ளை நறுக்கினால் காற்று வெளியேறித் தளர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு, நறுக்கினால் பிடிப்பதற்கு நீளம் குறைவதும் முள் பிளந்துபோவதும்தான் மிச்சம். வாய்க்குள்ளும் முள் இருக்கலாம் என்று அஞ்சியதால் நான் எதையும் பிடுங்கவில்லை. முன்கால்களால் முகத்தைத் தேய்க்காதபடி வாரைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு, உச்சியைப் பார்க்காமலே திரும்பினேன்.

இறக்கத்தில் மணி காட்டிய வழி என்னை வியக்கவைத்தது. நாங்கள் ஏறிய அதே வழியில், ஓர் அடி பிசகாமல், ஓடைப் பள்ளத்துக்குள் இறங்கி வீணாகச் சுற்றிய சுற்று உட்பட, என் பிழைகள் அனைத்தையும் வரிசை மாறாமல் பின்னோக்கி நடந்தான். முட்களை அன்று இரவே கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து எடுத்தார்.

மறுமொழி 1

நாய்கள் திரும்பி வரும் விதம் பற்றிச் செக் நாட்டு ஆய்வாளர்கள் 2020இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஜிபிஎஸ் பட்டை கட்டிய 27 வேட்டை நாய்களைக் காட்டில் விட்டபோது, சில வேளைகளில் அவை தம் மோப்பத்தைப் பிடித்துப் போன வழியிலேயே திரும்பின. வேறு சில வேளைகளில் புது வழியில் திரும்பின. புது வழியில் திரும்பும்போது பெரும்பாலும் முதலில் வடக்கு-தெற்காக ஏறத்தாழ 20 மீட்டர் ஓடிப் பார்த்தன என்பதும், அப்படி ஓடியபோது திரும்பும் தூரம் குறைந்தது என்பதும் சுவையான செய்தி. வாரில் இருந்த மணிக்கு முதல் வழியைத் தவிர வேறு வாய்ப்பு இருந்திருக்காது.

மறுமொழி 2

என் அனுபவம் பனிக்காலத்தைச் சேர்ந்தது. உச்சிக்கு அருகில் குட்டையாக அடர்ந்து வளரும் ஊசியிலை மரங்களைப் பனி முழுவதும் மூடிவிடும்போது, கீழ்க்கிளைகளுக்கு அடியில் வெற்றிடம் தங்கிவிடுகிறது. மேலே சமதளம்போலத் தெரியும். என் நாய் அப்படி ஒரு குழிக்குள் மறைந்தபோது, அவளுடைய மார்ப்பட்டையின் முதுகில் கைப்பிடி இருந்ததால்தான் மேலே தூக்க முடிந்தது. வெறும் கழுத்துப்பட்டையாக இருந்திருந்தால் கழுத்தை இறுக்கியிருக்கும். மணிக்கும் அப்படியொன்றை வாங்குங்கள். மீண்டும் அந்த மலைக்குப் போனீர்களா?

முதல் பதிவர்

போனேன், இலையுதிர்காலத்தில், கைப்பிடி வைத்த மார்ப்பட்டையுடன். இம்முறை திசைகாட்டி என் கையில் இருந்தது. ஒவ்வொரு முறை மணி இடப்புறம் இழுத்தபோதும் நான் மறுத்தேன், அவன் பெருமூச்சு விட்டான். ஐந்து மணி நேரம் ஆனது. உச்சி எது என்று கண்டுபிடிப்பதே தனி வேலையாகிவிட்டது. அமெரிக்காவின் கேட்ஸ்கில் மலைகளில் இத்தகைய சிகரங்கள் பலவற்றின் உச்சிமரத்தில், ஏறி வந்தவர்கள் கையெழுத்திட ஏடு வைத்த ஒரு பெட்டியை மாட்டியிருந்தார்கள், இங்கே அதுவும் இல்லை. மூன்று மேடுகளில் ஏறி இறங்கி, எந்தப் பக்கம் நகர்ந்தாலும் தரை தாழும் இடத்தை உச்சி என்று எடுத்துக்கொண்டேன். சுற்றிலும் மரங்கள், தொலைவில் எதுவும் தெரியவில்லை. மணி ஒரு பட்ட மரத்தின் அடியை முகர்ந்து பார்த்துவிட்டு, நாங்கள் வந்த திசையை நோக்கி உட்கார்ந்துகொண்டான்.