அப்பாவின் யூபோனியம் கீபோர்டோடு சேர மறுக்கிறது: 23-ஆம் தேதி கச்சேரி!

திருவட்டாற்றுக்காரன்:

எங்கள் சபையில் பாண்டு செட் ஒன்று உண்டு, பதினாலு பேர். டிரம்பெட் ஏழு, டிரோம்போன் மூன்று, யூபோனியம் (மடியில் வைத்து ஊதும் பெரிய பித்தளை வாத்தியம்) ஒன்று, ஈ பிளாட் பேஸ் (எல்லாவற்றிலும் கனத்த குரல்) ஒன்று, பெரிய டிரம், சைடு டிரம். டிசம்பர் வந்தால் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் கேரலுக்குப் போவோம். வீட்டுக்கு ரெண்டு பாட்டு, கை நிறைய முந்திரிக்கொத்து, அடுத்த வீடு. இந்த வருஷம் எங்கள் போதகர் ஐயர் புதிதாக ஒன்று சொல்லிவிட்டார். 23-ஆம் தேதி சாயங்காலம் கோயில் முற்றத்தில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் வாசிக்க வேண்டுமாம், இங்கிலாந்து பிராஸ் பேண்ட் (பித்தளை வாத்தியக் குழு) மாதிரி. நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

யூபோனியம் என்னுடையது. அப்பா வாசித்தது, அதற்கும் முன்னால் கப்பலில் வந்தது. குரல் கருப்பட்டிப் பாகு மாதிரி இருக்கும். ஆனால் கொயர் பிள்ளை கீபோர்டில் கை வைத்தாலே ரெண்டும் முட்டிக்கொள்கின்றன. போனில் சுருதி காட்டும் டியூனர் வைத்துப் பார்த்தேன், ஏறக்குறைய 50 சென்ட் (அரைச் சுரத்துக்கு நூறு சென்ட்) ஏறி நிற்கிறது. சுருதி இறக்க இழுக்கும் வளைந்த குழாயான டியூனிங் ஸ்லைடைக் கையோடு வந்துவிடும் அளவுக்கு இழுத்தும் முழுசாக இறங்கவில்லை. "அண்ணன் ரொம்ப அழுத்தி ஊதுறீங்க" என்கிறார்கள் பையன்கள். முப்பது வருஷமாக ஊதுகிறேன், எனக்கா தெரியாது?

அது போக, ஏழு டிரம்பெட்டும் சேர்ந்தால் கல்யாண ஊர்வலம் போலத்தான் கேட்கிறது. ஒத்திகைக்கும் நேரம் இல்லை. பேஸ் வாசிக்கும் அண்ணன் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர், ராத்திரி எட்டரை ஆனால் ஒத்திகையிலிருந்து எழுந்து போய்விடுவார். என்ன செய்யலாம்?

கோட்டாறு டிரம்:

முற்றத்திலா? டிசம்பர் மழையை மறந்துட்டீங்களா? முதலில் ஒரு ஹால் பாருங்க. யூபோனியத்தைப் பரணில் ஏற்றிட்டு மீரட்டில் புதுசு வாங்குங்க, அங்கே ஜாலி கோட்டித் தெரு முழுக்க பாண்டு வாத்தியம்தான். வால்வுக்குத் தேங்காய் எண்ணெய் விடுற ஆள் இல்லையே நீங்க?

மூணாம் வால்வு:

தம்பி, பரணில் ஏற்றாதீங்க. உங்க ஊதலிலும் குற்றம் இல்லை. அது பழைய ஹை பிட்ச் (உயர்ந்த சுருதி) வாத்தியமாக இருக்கும். பிரிட்டிஷ் பிராஸ் பேண்டுகள் 1960களின் நடுப்பகுதி வரை அந்த உயர்ந்த சுருதியில்தான் வாசித்தன. ஏ சுரம் 452.5 ஹெர்ட்ஸ். உங்க கீபோர்டும் டிரம்பெட்டும் 440. வித்தியாசம் அரைச் சுரத்தில் பாதி, அதாவது உங்க டியூனர் காட்டும் அதே 50 சென்ட்.

யூபோனியத்துக்குக் குழாய் நீளம் சுமார் ஒன்பது அடி. சுருதி இறங்க இன்னும் மூன்று அங்குலம் வேண்டும். ஸ்லைடுக்கு ரெண்டு கால், ஆகவே காலுக்கு ஒன்றரை அங்குலம் ஒட்டுப் போட்டால் போதும். பித்தளை பற்றவைக்கத் தெரிந்த நல்ல கையாகப் பாருங்க. பழைய குழாயை அறுக்க விடாதீங்க, தனியாக ஒரு நீள ஸ்லைடு செய்யச் சொல்லுங்க. மூன்று வால்வு ஸ்லைடையும் அப்புறம் கொஞ்சம் கொஞ்சம் இழுத்து வைக்கணும், இல்லாவிட்டால் வால்வு அழுத்தாத திறந்த சுரம் சரியாகி மற்றது கெடும்.

ஊர்வலச் சத்தத்துக்குக் காரணம் எண்ணிக்கை இல்லை. முழு பிரிட்டிஷ் பேண்டில் 25 பேர் ஊதுவார்கள், அதில் பத்துப் பேர் கார்னெட் (டிரம்பெட்டின் குட்டைத் தம்பி). டிரம்பெட் ஒன்றுகூடக் கிடையாது. கார்னெட் குழாய் விரிந்துகொண்டே போகும், அதனால் குரல் மெத்தென்று வரும். நடுக்குரலுக்கு மூன்று டெனர் ஹார்ன், ரெண்டு பாரிட்டோன். உங்களிடம் அந்த நடு வயிறே இல்லை. இரவலுக்கு ரெண்டு டெனர் ஹார்ன் தேடுங்க. நாகர்கோவில் பக்கம் இரட்சணிய சேனைக்காரர்களை (சால்வேஷன் ஆர்மி)க் கேட்டுப் பார்க்கலாம். ரெண்டு டிரம்பெட் பையன்களை அதில் உட்கார வையுங்க. ட்ரெபிள் கிளெஃப் (மேல் சுரங்களுக்கான நோட்டு முறை) படிக்கிறவனுக்கு விரல் மாறாது, எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கலாம். வாய் பழக ஒரு வாரம். மிச்ச ஐந்து பேரும் மணிவாயைத் தரைப் பக்கம் சாய்க்கட்டும்.

இன்னொன்று, கொயர் டி சுருதியில் பாடுகிறதா? அப்படியானால் டிரம்பெட், யூபோனியம் போன்ற உங்க பி பிளாட் ஆட்களுக்கு நோட்டில் நாலு ஷார்ப் குறி, ஈ பிளாட் வாத்தியங்களான ஹார்னுக்கும் பேஸுக்கும் ஐந்து. குறி கூடினால் வாசிப்பதும் கஷ்டம். அரைச் சுரம் ஏற்றி ஈ பிளாட்டில் பாடச் சொல்லுங்க. உங்களுக்கு ஒரு பிளாட், அவர்களுக்கு ஒன்றுமே இல்லை. பால்வெட்டு அண்ணன் எட்டேகாலுக்கே வீடு போகலாம்.

ஆள் குறைவு என்று மலைக்க வேண்டாம். இரட்சணிய சேனையின் பேண்டே 1878-ல் சால்ஸ்பரியில் ஒரு அப்பாவும் மூன்று மகன்களும் ஊதித் தொடங்கியதுதான்.

திருவட்டாற்றுக்காரன்:

மூணாம் வால்வு அண்ணனுக்குக் கோடி நன்றி. தேங்காய் எண்ணெய் விஷயத்தில் நான் வாயைத் திறக்கவில்லை.

பித்தளை வேலைக்காரர் ஒருவர் அளவெடுத்துப் போயிருக்கிறார், சனிக்கிழமை தருவாராம். ஹார்ன் ஒன்றுதான் கிடைத்தது. ஈ பிளாட்டுக்கு கொயர் முகம் சுளித்தது, பாடிப் பார்த்தபிறகு சம்மதித்துவிட்டார்கள். ஹால் சாவியும் கேட்டு வைத்திருக்கிறேன்.

பேஸ் அண்ணனிடம் ஹை பிட்ச் கதையைச் சொன்னேன். "அப்போ உங்க அப்பாவும் ஏறித்தான் வாசிச்சாரா?" என்றார். யோசித்துப் பார்த்தால், அப்பா காலத்தில் எல்லா வாத்தியமும் ஒரே பெட்டியில் வந்தவை. கீபோர்டும் கிடையாது. மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக ஓட்டை விழுந்து போய்விட்டது, இது மட்டும் மிச்சம்.