மாரியில் மாதா கோயிலை வரைகிறேன், வானம் காயவே மாட்டேன் என்கிறது

திருமலைப் பென்சில்:
எங்கள் ஒழுங்கை முனையில் சின்ன மாதா கோயில் ஒன்று இருக்கிறது. நத்தாருக்கு முன் வெள்ளை அடிக்கப் போகிறார்களாம். அதற்குள், அடியில் ஒரு முழத்துக்குப் பச்சைப் பாசியும் மேலே மழைத்தண்ணீர் வழிந்த கறுப்புக் கோடுகளுமாக இப்போது நிற்கிற கோலத்திலேயே வோட்டர் கலரில் பிடித்துவிட ஆசை. முதல் நாள் வானத்துக்குத் தண்ணீராய்க் கரைத்துப் பூசிய வாஷ் அரை மணித்தியாலமாகியும் காயவில்லை, பொறுமை கெட்டுக் கூரையைத் தொட்டேன், ஓட்டுச் சிவப்பு வானத்துக்குள் ஏறி கோலிஃபிளவர் மாதிரிப் பூத்துவிட்டது. இரண்டாம் நாள் மழை. மூன்றாம் நாள் எப்படியோ காய்ந்தது, ஆனால் சுவர் வெட்டி ஒட்டினதுபோல் நிற்கிறது. தாள் தடித்த 300 கிராம் தாள்தான். தை வரை பொறு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

குடைக்காரன்:
தங்கச்சி, கார்த்திகையில் காற்றே ஈரம், தாளில் இருக்கிற தண்ணீர் எங்கே போகும்? தண்ணீரைக் குறைத்துக் கலரைக் கூட்டுங்கள். வானத்துக்கும் கூரைக்கும் நடுவே மயிரிழை அளவு தாளைக் காயவிட்டு வையுங்கள், பிறகு மூடலாம். கலர்க் குடை வேண்டாம். நான் நீலக் குடையின் கீழிருந்து உட்துறைமுக வீதியை வரைந்தேன், வீட்டுக்கு வந்து பார்த்தால் கலர் எல்லாம் வேறு! அப்புறம், பெட்டியை ஈரத்தோடு மூடாதீர்கள், கலரில் இருக்கிற பிசினில் பூஞ்சணம் பிடிக்கும்.

எண்ணெய்ச்சட்டி:
எண்ணெய் வர்ணத்துக்கு மாறுங்கள். அது தண்ணீர் ஆவியாகிக் காய்வதில்லை, ஒட்சிசனை உறிஞ்சித்தான் இறுகும்.

குடைக்காரன்:
இறுக எத்தனை நாள் என்பதையும் சொல்லுங்கோ அண்ணை. பிள்ளை ஈரப்படத்தை ஓட்டோவில் எப்படிக் கொண்டுபோவது?

சாம்பல்:
சுவர் படத்தோடு ஒட்டாததற்குக் காரணம், அதை வெறும் தாளாக விட்டதாகத்தான் இருக்கும். மூட்டமான நாளில் வெள்ளைச் சுவரைவிட வானம்தான் வெளிச்சம். நம்பாவிட்டால், தாள் துண்டு ஒன்றைச் சுவருக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். முகப்பு வடக்குப் பார்த்ததா? அப்படியென்றால் இந்த மாதத்தில் சூரியன் தெற்கே போய்விடுவதால் அந்தப் பக்கம் நாள் முழுக்க நிழல்தான், மழை விட்டுவிட்டுப் பெய்தாலும் வெளிச்சம் அவ்வளவாக மாறாது. பிரெஞ்சு ஓவியர் மோனே 1892இலும் 93இலும் ரூவான் பேராலயத்தை வரைந்தபோது எதிர்க்கட்டட ஜன்னலுக்குப் பின்னால் இருந்துதான் வரைந்தார், வெளிச்சம் மாற மாற வேறு வேறு கன்வஸ், மொத்தம் முப்பதுக்கு மேல். உங்களுக்கு ஒரு விறாந்தை போதும்.

திருமலைப் பென்சில்:
வடக்குத்தான்! தாளைப் பிடித்துப் பார்த்தேன், வெள்ளை என்று நினைத்த சுவர் ஊறின சுண்ணாம்புபோலச் சாம்பல், பாசிக்கு மேலே கொஞ்சம் மஞ்சள்கூட. எதிர்வீட்டு அக்காவின் விறாந்தையில் கதிரை கிடைத்திருக்கிறது, தேத்தண்ணியும். சாம்பலைப் பூசியதும் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் போய் நின்றுவிட்டது. ஆனால் இன்று ஏணி வந்து இடது பக்கம் சாத்தியாகிவிட்டது, திங்கள் அங்கிருந்துதான் தொடங்குவார்களாம், அதனால் இடது பக்கத்தை முதலில் முடிக்கிறேன்.