காதுகுத்தும் ஷாக் ஆயிலும்

குழு: அம்மிச்சி வீட்டு ஆளுங்க

வியாழன்

பெரியம்மா (7:40): ஞாயித்துக்கெழம காதுகுத்து 9ல இருந்து 10.30க்குள்ள. எல்லாரும் 8 மணிக்கே கோயல்ல இருக்கோணும். வேன் 6.30க்கு கிளம்பிரும். யாரு வேன்ல, யாரு சொந்த வண்டில, இன்னைக்கே சொல்லீருங்க

ஈரோடு அத்தை: நாங்க 4 பேரு. கார்லயே வந்தர்றோம் அண்ணி

மணி மாமா: 👍

பெரியம்மா: மணி, 👍ன்னா வேனா காரா

மணி மாமா: பாக்கலாம்

கவின்: [வீடியோ 0:14]

கவின்: சித்தப்பா இத கொஞ்சம் பாருங்க. என் ரிமோட் வண்டி ரெண்டாவது ஜம்ப்புல எறங்குனதும் பின்பக்கம் தூக்கி அடிக்குது. மூக்கு குத்தி கவுந்துருது. ஞாயித்துக்கெழம மதியம் 2 மணிக்கு ரேஸ்

பெரியம்மா: எந்த ஞாயிறு

கவின்: இந்த ஞாயிறுதாங் பெரிம்மா

பெரியம்மா: மடியில வெச்சு காது குத்தறது நீயி. தாய்மாமன். நெனப்பு இருக்கா

கவின்: இருக்குங். 10.30க்கு முடிஞ்சா 12க்கு டிராக்குல இருந்தர்லாம்

பெரியம்மா: பந்தி?

கீர்த்தி அக்கா: டேய்

சித்தப்பா திருப்பூர்: வீடியோ பாத்தேன் கண்ணு. வேகத்தக் கொறச்சு ஓட்டிப் பாரு. பின்சக்கரம் ரெண்டும் ஒண்ணா மண்ணத் தொடுது. சேசிஸ், அதான் அடிச்சட்டம், தரையில இடிக்கல. அப்பறம் பின்பக்கம் எகிறி, மறுக்கா விழுந்து, இன்னொருக்கா ஆடி நிக்குது. அப்படின்னா அமுங்குன ஸ்பிரிங் திரும்பி வர்றப்போ ஷாக் அதப் புடிச்சு நிறுத்தல. ஒண்ணு ஆயில் கெட்டி போதல, இல்ல உள்ளாற காத்து. ஸ்பிரிங்க மாத்தீராத. எல்லாரும் மொதல்ல ஸ்பிரிங்கத்தான் மாத்துவாங்க, இன்னும் மோசமாகும். இப்பவே நாலு ஷாக்கயும் கழட்டி, ஸ்பிரிங்க எடுத்துட்டு, காதுகிட்ட வெச்சு ராட மெதுவா அமுக்கி இழு. சளக் சளக்னு கேட்டா காத்து. சத்தமே இல்லாம, போக வர ஒரே இறுக்கமா இருந்தா ஆயில் நம்பரத்தான் மாத்தோணும். நம்பர் கூடுனா ஆயில் கெட்டி.

ஈரோடு அத்தை: காதுல என்ன? காது குத்தறதுக்கு ஆசாரிகிட்டச் சொல்லியாச்சா இல்லியா

பெரியம்மா: சொல்லியாச்சு

மணி மாமா: அது என்ன வண்டிடா. பேட்டரியா

ஹரிணி: ஸ்லாஷ் மாமா. ரிமோட் டிரக். ஆமா பேட்டரி

சித்தப்பா திருப்பூர்: டிராக்சாஸ் ஸ்லாஷ். நெசமான டிரக்குல பத்துல ஒரு பங்கு. பின்சக்கரம் மட்டும் இழுக்கறது. அமெரிக்காவுல ஷார்ட் கோர்ஸ்னு டிரக் ரேஸ் நடக்கும், அந்த டிரக்குகளப் பாத்து 2008ல கொண்டு வந்தாங்க.

மணி மாமா: ஷாக்குதான பிரச்சன. நம்ம ஒர்க்‌ஷாப்ல பைக்கு முன்ஷாக்குக்கு ஊத்தற ஃபோர்க் ஆயில் இருக்கு, 10ம் இருக்கு 20ம் இருக்கு. ரெண்டு சொட்டு ஊத்துனா முடிஞ்சுது. இதுக்கு எதுக்கு இம்புட்டுப் பேச்சு

ஹரிணி: வேண்டாங் மாமா

ஹரிணி: ஓ-ரிங் ஊதிக்கும்

மணி மாமா: புல்லட்டுக்கே அதத்தாம்மா ஊத்தறோம்

சித்தப்பா திருப்பூர்: மணி, புல்லட்டு ஃபோர்க்குல இருக்கறது நைட்ரைல் சீல். பெட்ரோலிய ஆயிலத் தாங்கும். இந்தச் சின்ன ஷாக்குல இருக்கறது சிலிக்கான் ரப்பர் ஓ-ரிங். அதுல ஃபோர்க் ஆயிலோ, எஞ்சின் ஆயிலோ, துருவுக்கு அடிக்கற ஸ்ப்ரேயோ பட்டா ரப்பர் உப்பிக்கும். மொதல்ல ராடு இறுகி நிக்கும், அப்பறம் ரப்பர் பிஞ்சு அடியில ஒழுகும். நூத்துக்கு நூறு சிலிக்கான் ஆயில் மட்டுந்தான் ஊத்தோணும். கம்பெனில இருந்து வர்றப்போ இந்த வண்டில இருக்கறது 30 நம்பர் சிலிக்கான்.

மணி மாமா: சரி சரி. இங்க எல்லாரும் இஞ்சினியரு

அம்மிச்சி: [குரல் பதிவு 0:21]

ஈரோடு அத்தை: அம்மா தேங்காண்ணெ ஊத்தச் சொல்லுது 😂

கவின்: அம்மிச்சி வேண்டாஆஆ

கவின்: சித்தப்பா, பின்னாடி வலது ஷாக்குல மட்டும் சளக்குனு கேக்குது. ராடு அடியில மண்ணு ஒட்டி ஈரமா இருக்கு

சித்தப்பா திருப்பூர்: அப்ப ஒழுகுது. ஆயில் வெளிய போன எடத்துல காத்து உக்காந்துருக்கு. ராட வெளிச்சத்துல புடிச்சு நகத்தால தடவிப் பாரு. கோடு தட்டுப்படுதா?

கவின்: ஆமா. கீழ, கப்பு மாட்டற எடத்துக்குப் பக்கத்துல

சித்தப்பா திருப்பூர்: குறடு போட்டுப் புடிச்சுருக்கே. ராடு நுனியில மாட்டற பால் கப்பத் திருகறப்போ ராடோட வழுவழுப்பான எடத்துல குறடு படவே கூடாது. மரை இருக்கற நுனியில மட்டுந்தான் புடிக்கோணும். அந்தக் கோடுதான் ஒவ்வொருக்கா உள்ள போய் வர்றப்பவும் ஓ-ரிங்க அறுக்குது. புது ராடும் புது ஓ-ரிங்கும் போடு. பழைய ராட உப்புத்தாள்ல தேச்சுப் போடறேன்னு கிளம்பீராத.

ஹரிணி: ராடு என்கிட்ட ஒரு ஜோடி இருக்கு. ஓ-ரிங்கும் இருக்கு

கவின்: தெய்வமே

ஹரிணி: சும்மா இல்ல. பந்தில எல எடுக்கற வேல உன்னுது

பிரபு சிங்கப்பூர்: நாளைக்கு நைட் ஃப்ளைட். ஆயில் என்ன வேணும்னு சொல்லுங்க, இங்க வாங்கிக்கறேன்

பெரியம்மா: பிரபு, கோடாலித் தைலம் ஒரு டஜன். சின்ன பாட்டில். போன தடவ பெருசு வந்துருச்சு

பிரபு சிங்கப்பூர்: சரிங் பெரிம்மா. சித்தப்பா, ஆயில்?

சித்தப்பா திருப்பூர்: 30 ஒண்ணு, 40 ஒண்ணு. ஆனா நம்பர மட்டும் பாத்து எடுத்தறாத. ஒரு கம்பெனி 30ம் இன்னொரு கம்பெனி 30ம் ஒண்ணு இல்ல. பாட்டில்ல சிஎஸ்டின்னு ஆயில் எவ்வளவு கெட்டிங்கற கணக்கு போட்டுருக்கும், அதுதான் நெசம். அசோசியேட்டட் கம்பெனி ஆயிலுன்னா 30க்கு 350 சிஎஸ்டி, 35க்கு 425, 40க்கு 500. ரெண்டு பாட்டிலும் ஒரே கம்பெனியா எடு. பாதிக்குப் பாதி கலந்தா 35 கிட்ட வந்துரும், மூணாவது பாட்டில் மிச்சம். 60 மில்லி பாட்டில் நாலு ஷாக்குக்கும் தாராளமாப் போதும்.

பிரபு சிங்கப்பூர்: 30, 40, தைலம் 12. ஓகே

கீர்த்தி அக்கா: மாத்தி ஊத்தீராதீங்க. கொழந்த காதுல ஷாக் ஆயிலு, வண்டில தைலம்

கவின்: முன்னாடி எவ்வளவு பின்னாடி எவ்வளவுங் சித்தப்பா

சித்தப்பா திருப்பூர்: ரேஸ் மதியம் 2 மணி. வெயில்ல ஆயில் இளகும். 30ன்னு ஊத்துனது மண்ணு சுடற நேரத்துல 25 மாதிரித்தான் நடக்கும். அதனால பின்னாடி 35, முன்னாடி 40. காலைல ஓட்டறதா இருந்தா ஒரு படி கம்மி பண்ணச் சொல்லியிருப்பேன். ஸ்பிரிங் இருக்கறதே இருக்கட்டும்.

ஹரிணி: ஒரு நிமிசம் சித்தப்பா. அந்த டிராக்குல நேர் ரோடு முடியற எடத்துல சின்னச் சின்ன மேடா வரிசையா இருக்கு. கெட்டி ஆயில் ஊத்துனா அங்க வண்டி குதிக்கும்

ஹரிணி: ஜம்ப்புல எகிறுனா ஆயில் கெட்டி பத்தல. வரிசை மேட்டுல எகிறுனா அதுக்கு நேர்மாறு. ராடு படபடன்னு வேகமா போறப்போ அது நுனியில இருக்கற பிஸ்டன் ஓட்டை வழியா ஆயில் கடந்து முடியாது, ஷாக்கு கட்டையாயிரும்

கவின்: பேக் ஆகறதுன்னு சொல்லுவாங்களே அதுவா

ஹரிணி: அதேதான்

சித்தப்பா திருப்பூர்: புள்ள சொல்றது சரி. சின்ன ஓட்டை பிஸ்டன்ல லேசு ஆயிலு, பெரிய ஓட்டை பிஸ்டன்ல கெட்டி ஆயிலு, ரெண்டும் கையில அமுக்குனா ஒரே மாதிரித்தான் தெரியும். டிராக்குல வேற வேற. சின்ன ஓட்டை பெரிய ஜம்ப்புல அடி படாமக் காப்பாத்தும், மேடுபள்ளத்துல தூக்கி எறியும். பெரிய ஓட்டை மேட்டுல சக்கரத்த மண்ணோட ஒட்ட வெக்கும், ஒசரத்துல இருந்து விழுந்தா சேசிஸ் டமார்னு இடிக்கும். ஆனா கவினு, ஒரே நாள்ல ஆயிலயும் பிஸ்டனயும் மாத்துனா எது சரியாச்சு எது கெட்டுச்சுன்னே தெரியாது. இப்ப ஆயில மட்டும் மாத்து. மேட்டுல குதிச்சா பின்னாடி மட்டும் 30க்கு எறக்கு.

ஹரிணி: நான்னா பிஸ்டனத்தான் மாத்துவேன்

சித்தப்பா திருப்பூர்: உன் வண்டிக்கு மாத்திக்க சாமி

பெரியம்மா: வேனுக்கு இதுவரைக்கும் 9 பேரு. மணி?

வெள்ளி

கவின் (6:55): ராடு மாட்டியாச்சு. கிளிப்பு ஒண்ணு எங்கியோ தெறிச்சுப் போயிருச்சு

ஹரிணி: கேரிபேக்குக்குள்ள கைய விட்டுக் கழட்டோணும்னு சொன்னனா இல்லியா

சித்தப்பா திருப்பூர்: ஆயில் வந்ததும் எப்படி ஊத்தறதுன்னு இப்பவே எழுதீர்றேன், நாளைக்கு நான் கறிக்கடைக்குப் போறேன். ஓ-ரிங்குல சிலிக்கான் கிரீஸ் தடவி மாட்டு. ராட முழுசா வெளிய இழுத்து வெச்சுட்டு, விளிம்பு வரைக்கும் ஆயில் ஊத்து. பிஸ்டன் ஆயிலுக்கு வெளிய தலை காட்டாம, மெதுவா மேலயும் கீழயும் ஆட்டு. வேகமா ஆட்டுனா நீயே நொரை கட்டீருவ. அப்பறம் நாலயும் ஒரு டம்ளர்ல நேரா நிக்க வெச்சுட்டு 10 நிமிசம் அந்தப் பக்கமே போகாத. நொரை மேல வந்து ஒடையும். கொறஞ்ச ஆயில மறுக்கா நெரப்பி, பிளாடர்ங்கற ரப்பர் பை இருக்கற மூடியச் சாய்க்காம மெதுவாத் திருகு. மூடில இருக்கற சின்ன ஓட்டை வழியா மிச்ச ஆயில் வழியும், வழியட்டும், தொடைச்சுக்க. முடிஞ்சதும் பின் ஷாக் ரெண்டயும் ஸ்பிரிங் இல்லாம ஜோடியாப் புடிச்சு ஒண்ணா அமுக்கி விடு. ரெண்டு ராடும் ஒரே அளவு வெளிய வரோணும். ஒண்ணு அதிகமா வந்தா அதுல ஆயில் ஜாஸ்தி, தெறந்து கொஞ்சம் எடு. இது வித்தியாசமா இருந்தா வண்டி ஜம்ப்புல ஒரு பக்கமாச் சாயும்.

ஈரோடு அத்தை: கறி எத்தன கிலோ சொல்லியிருக்கு

சித்தப்பா திருப்பூர்: 25

பெரியம்மா: 25 எப்படிப் போதும்

ஈரோடு அத்தை: போன காதுகுத்துல மாப்பள வீட்டுக்காரங்களுக்கு ரசந்தான் கெடச்சுது. இன்னும் சொல்லிக் காட்டறாங்க

சித்தப்பா திருப்பூர்: 30 சொல்றேன்

கவின்: சித்தப்பா, பின்னாடி இடது ஆர்ம், சக்கரத்தத் தாங்கற கை, தானா கீழ எறங்க மாட்டேங்குது

சித்தப்பா திருப்பூர்: ஷாக்கக் கழட்டிட்டுத் தான சொல்ற? தூக்கி விட்டா ஆர்ம் அதோட எடையில தொப்புனு விழுகோணும். பின்னு வளைஞ்சுருக்கும். உருவி கண்ணாடி மேல உருட்டிப் பாரு, ஆடிக்கிட்டே உருண்டா தூக்கிப் போடு. நேரா இருந்தா ஆர்ம் ஓட்டைக்குள்ள செம்மண்ணு, காஞ்ச பிரஷ்ல தட்டு. எண்ணெ போட்டீராத, மண்ணு இன்னும் ஒட்டும். இது சிக்கிட்டு இருந்தா நீ என்ன ஆயில் ஊத்துனாலும் வேலைக்கு ஆகாது.

கவின்: வளைஞ்சுதான் இருக்கு

சித்தப்பா திருப்பூர்: அப்ப அந்தக் கவுறறதுல பாதி இதுதான். மாத்து. அப்பறம் நாலு ஷாக்கு நீளமும் அளந்து பாரு. மேல மாட்டற ஓட்டையில இருந்து கீழ மாட்டற ஓட்டை வரைக்கும், இடதும் வலதும் அர மில்லிமீட்டருக்கு மேல வித்தியாசம் கூடாது. பால் கப்பத் திருகிச் சரி பண்ணிக்கலாம். வெர்னியர் வேணும்.

கவின்: என்கிட்ட ஸ்கேலுதான் இருக்கு

பெரியம்மா: அப்பிச்சியோட வெர்னியர் மணிகிட்டத்தான இருக்கு

மணி மாமா: அது எனக்குக் குடுத்தது

ஈரோடு அத்தை: யாரு குடுத்தா

மணி மாமா: மாமனே குடுத்தாரு. எல்லாருக்கும் தெரியும்

பெரியம்மா: எனக்குத் தெரியாது

கீர்த்தி அக்கா: ஐயோ ஆரம்பிச்சாச்சு

கவின்: மாமா ஞாயித்துக்கெழம கோயலுக்கு வர்றப்போ மட்டும் கொண்டாங்க, அளந்துட்டு அங்கியே குடுத்தர்றேன்

மணி மாமா: பாக்கலாம்

சித்தப்பா திருப்பூர்: பேட்டரி வெச்சு, பாடி மாட்டி, 30 சென்டி ஒசரத்துல இருந்து தட்டையா விட்டுப் பாரு. லேசா அமுங்கி, ஒரே மூச்சுல எந்திரிச்சு நிக்கோணும். ரெண்டாவது ஆட்டம் இருக்கக் கூடாது. நின்னதுக்கப்பறம் ஆர்ம் தரைக்கு மட்டமா இருக்கா பாரு. பின்னாடி தொங்குனா ஸ்பிரிங்குக்கு மேல இன்னொரு கிளிப் ஸ்பேசர், அதான் எட குடுக்கற வளையம், போடு. ஸ்பேசர் போட்டா ஒசரந்தான் கூடும். ஸ்பிரிங் கடுசாகறதில்ல, அத நம்பீராத.

கவின்: சரிங். மொத பெரிய ஜம்ப்புல மூக்கு மேல தூக்கிட்டுப் பறக்குது, அதுக்கு?

ஹரிணி: காத்துல இருக்கறப்போ ஆக்சிலேட்டர விடு. இல்ல லேசா பிரேக் தொடு, மூக்கு எறங்கும்

சித்தப்பா திருப்பூர்: அதுவும் சரி. ஆனா பாடியும் ஒரு காரணம். ஷார்ட் கோர்ஸ் பாடி அகலம், உள்ள காத்து ரொம்பிப் பாராசூட் மாதிரி தூக்கும். பின்பக்கப் பலகையிலயும், பின்சக்கரத்துக்குப் பொறகால ரெண்டு பக்கமும் ஓட்டை வெட்டி விடோணும். மூலைய ரவுண்டா வெட்டு. கூர் மூலையா விட்டா மொத அடியிலயே அங்கிருந்து கீறிக்கும்.

ஹரிணி: வெட்டக் கூடாது

ஹரிணி: பின்பக்கந்தான் அம்மிச்சி பேரு எழுதியிருக்கேன். உள்பக்கமா, இடம் வலம் மாத்தி, ஒவ்வொரு எழுத்தா

அம்மிச்சி: [குரல் பதிவு 0:09]

ஈரோடு அத்தை: அம்மா "வெட்டுனா வெட்டட்டும்"ங்குது. கொரலு சரியில்ல

கவின்: பக்கவாட்டுல மட்டும் வெட்டறேன்

ஹரிணி: பக்கவாட்டுல கொழந்த பேரு

கீர்த்தி அக்கா: என் புள்ள பேர வெட்டுனீன்னா மடியில உக்கார வெக்க மாட்டேன்

சித்தப்பா திருப்பூர்: அப்ப ஜன்னல் கண்ணாடிய வெட்டு, பின்பக்கத்து அளவுக்கு வராது, கொஞ்சமாச்சும் காத்து போகும்.

பெரியம்மா: வேன்ல 9 பேருதானா? மணி இன்னும் சொல்லல. கவினு 10.30க்கு எந்திரிச்சு ஓடறதுன்னா தாய்மாமன் சீருத் தட்டு யாரு எடுக்கறது

கவின்: 11 வரைக்கும் இருக்கேங்

பெரியம்மா: 11.30

கவின்: பாக்கலாங்

பெரியம்மா: நீயுமா

பிரபு சிங்கப்பூர் (9:18): கடைல நிக்கறேன். 40 இல்லியாம். 35 இருக்கு, 30 வேற கம்பெனில இருக்கு. எது எடுக்கட்டும்

சித்தப்பா திருப்பூர்: 35 பாட்டில் பின்பக்கம் ஃபோட்டோ அனுப்பு. சிஎஸ்டி என்ன போட்டுருக்கு

பிரபு சிங்கப்பூர்: [படம்]

ஹரிணி: 35ஏ நாலுக்கும் ஊத்திட்டு முன்னாடி வேற பிஸ்டன் போட்டரலாம். நான்தான் சொன்னேனே

சித்தப்பா திருப்பூர்: படம் மங்கலா இருக்கு. இன்னொருக்கா எடு

பெரியம்மா: தைலம் எடுத்தாச்சா

பிரபு சிங்கப்பூர்: கடை சாத்தறாங்க, சீக்கிரம் சொல்லுங்க