தடி (மரம்) அறுக்குற மில்லுல அண்ணனுக்கு விரல் போச்சு, முதலாளி பத்திரத்துல கையெழுத்து கேக்காரு, போடலாமா? அவசரம்

கொல்லங்கோடு_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். அண்ணனுக்கு தடி மில்லுல வேலை, ரம்பத்துல கை பட்டு ரெண்டு விரல் போச்சு. ஆஸ்பத்திரி பில்லு முதலாளிதான் கட்டினாரு. இப்ப 20,000 தாறேன், இனி ஒரு பாத்தியதையும் இல்லன்னு முத்திரைத்தாள்ல கையெழுத்து போடுன்னு சொல்லுகாரு. நாளைக்கு காலையில வருவாரு. போடலாமா? சட்டப்படி எவ்வளவு கிடைக்கும்?

ரப்பர்காடு:
போடாதீங்க. எந்த கை, எந்த விரல், எதுவரை போச்சு? வயசு, சம்பளம், தேதி? இது எதுவும் தெரியாம தொகை சொல்ல முடியாது தம்பி.

தக்கலை_அண்ணாச்சி:
இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) தான் வழி. நேரா இஎஸ்ஐ ஆபீஸ் போங்க, வேற எங்கயும் அலைய வேண்டாம்.

சட்டம்_பேசுவோம்:
இதே கேள்விக்கு நான் பத்து தடவையாவது எழுதியிருக்கேன், பழசை தேடி படிச்சிட்டு கேக்க பழகணும். 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் (2025 நவம்பர் 21க்கு முன்னாடி நடந்த விபத்துக்கு இதுதான்), பிரிவு 17. உரிமையை விட்டுக்கொடுக்குறதா எழுதி வாங்குற எந்த ஒப்பந்தமும் செல்லாது. இஎஸ்ஐ உள்ள ஆளுன்னா இந்த சட்டத்துல கேக்க முடியாது, அது வேற. இந்த அடிப்படை கூட தெரியாம பதில் சொல்றவங்கள என்ன சொல்ல.

கொல்லங்கோடு_தம்பி:
வலது கை, மோதிர விரலும் சுண்டு விரலும், முழுசா எடுத்தாச்சு. வயசு 40. நாள் கூலி 800, மாசம் 25 நாள் வேலை இருக்கும். 2024 ஆகஸ்ட் 19 நடந்துச்சு. மில்லுல மொத்தம் 6 பேரு, இஎஸ்ஐ கிடையாது.

ரப்பர்காடு:
ஒரு கையில ரெண்டு விரல் போனா அந்த சட்டத்தோட அட்டவணையில 20 சதவீதம் ஊனம். கூலி 20,000 வந்தாலும் கணக்குக்கு 15,000 தான் எடுப்பாங்க, 2020 ஜனவரியில வச்ச உச்சவரம்பு அது. அதுல 60 சதவீதம் 9,000, 40 வயசுக்கு சட்டத்துல உள்ள பெருக்கு எண் (காரணி) 184.17, பெருக்கினா 16,57,530, அதுல 20 சதவீதம் 3,31,506 ரூபாய். இதை 20,000க்கு எழுதி கேக்காரு, நெஞ்சு பதறுது. அப்புறம் பில்லு கட்டினத நஷ்டஈட்டுல கழிக்க முடியாது, வைத்தியச் செலவு அவரோட தனிக் கடமை. நடந்து 1 மாசத்துல தரலன்னா 12 சதவீதம் வட்டி, நியாயமான காரணம் இல்லன்னா 50 சதவீதம் வரை அபராதமும் போடலாம்.

தக்கலை_அண்ணாச்சி:
இஎஸ்ஐ எடுக்காம மில்லு நடத்துனதே தப்பு, அத பிடிச்சா முதலாளி தானா வருவாரு.

சட்டம்_பேசுவோம்:
10 பேருக்கு கீழ உள்ள மில்லுக்கு இஎஸ்ஐ கட்டாயமில்ல அண்ணாச்சி. தெரியலன்னா சும்மா இருக்கலாம்.

தக்கலை_அண்ணாச்சி:
வயசுக்கு மரியாதை வச்சு பேசுங்க தம்பி, நானும் நல்லதுக்குதான் சொல்லுகேன்.

நாஞ்சில்_மாமன்:
பில்லு கட்டின முதலாளி மோசமானவரா இருக்க மாட்டாரு. கேசுன்னு போனா அந்த ஏரியாவுல வேற மில்லுக்காரனும் வேலை தர மாட்டான். பேசி ஒரு லட்சம் வாங்கிட்டு முடிங்க.

குளச்சல்_மீனவன்:
இப்படி சொல்லித்தான் எங்க அப்பாவ 15,000க்கு கையெழுத்து போட வச்சாவ. மீன்பிடி போட்டுல வின்ச்சு (கயிறு சுத்துற மெஷின்) ரோப்புல கை மாட்டி நாலு விரல் போச்சு. நல்லவரு நல்லவருன்னு சொன்ன போட்டு ஓனரு அடுத்த சீசனுக்கு கூப்பிடவே இல்ல. அப்பாவுக்கு இன்னைக்கும் சோத்துல கை வைக்க சங்கடம். தம்பி, உங்க கால்ல விழுந்து கேக்கேன், போடாதீங்க.

ரப்பர்காடு:
மாமா, பேசி முடிக்கிறதா இருந்தாலும் அந்த ஒப்பந்தத்த இழப்பீட்டு ஆணையர்கிட்ட பதிவு பண்ணணும், தொகை குறைவுன்னா அவர் பதிவு பண்ண மறுக்கலாம். வீட்டுத் திண்ணையில எழுதுற பத்திரத்துக்கு அந்த பலம் இல்ல.

கொல்லங்கோடு_தம்பி:
ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு, மில்லு கேரளாவுல பாறசாலையில. அங்க உள்ள ஆஸ்பத்திரியில வீட்டுல விறகு கீறும்போது பட்டுச்சுன்னு எழுதியிருக்கு. சேர்த்தது முதலாளியோட ஆளு. அண்ணன் அப்ப மயக்கத்துல இருந்தான்.

சட்டம்_பேசுவோம்:
இத முதல்லயே சொல்லியிருக்கணும். கேரளா ஆனாலும் இது மத்திய சட்டம், தொழிலாளி குடியிருக்குற ஊர் எந்த ஆணையர் எல்லையில வருதோ அங்கயும் மனு போடலாம். 2 வருஷம் டைம், 2026 ஆகஸ்ட் 19 வரை.

ரப்பர்காடு:
டைம் இருக்குன்னு உக்காராதீங்க, ஆஸ்பத்திரியில வீட்டுல பட்டுச்சுன்னு எழுதினதுதான் இப்ப ஆபத்து. ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் காப்பியும் டிஸ்சார்ஜ் சம்மரியும் வாங்குங்க. மில்லுல நடந்ததுன்னு அண்ணன் கைப்பட, முடியலன்னா பெருவிரல் ரேகை வச்சு, ஆஸ்பத்திரிக்கு கடிதம் கொடுங்க. முதலாளிக்கு ஒப்புகை அட்டையோட பதிவு தபால்ல நோட்டீஸ். கூலி ஜிபேல வந்திருந்தா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, கூட நின்ன ஆளு பேரு எழுதி வைங்க. ரம்பத்துக்கு கார்டு (கை படாம தடுக்குற மூடி) இருந்துச்சா? தொழிலாளியே வேணும்னு கழட்டினான்னு நிரூபிச்சா இந்த மாதிரி காயத்துல முதலாளி தப்பிக்கலாம்.

கொல்லங்கோடு_தம்பி:
கார்டு வாங்கின நாள்ல இருந்தே இல்லன்னு அண்ணன் சொல்லுகான். கூலி பாதி ஜிபேல, பாதி கையில.

குளச்சல்_மீனவன்:
காலையில என்னாச்சு தம்பி?

நாஞ்சில்_மாமன்:
நானும் காத்திருக்கேன். அப்பாவோட விஷயம் படிச்சபிறகு மனசு சரியில்ல, நான் சொன்னத விட்டுருங்க.

கொல்லங்கோடு_தம்பி:
போடல்ல. அம்மா பயந்து அழுதா, முதலாளி கோபமா போயிட்டாரு. நோட்டீஸ் அனுப்பியாச்சு, கூட வேலை பாத்த ஒரு ஜார்க்கண்ட் பையன், சாட்சி சொல்லுகேன்னு சொல்லியிருக்கான். எல்லாருக்கும் நன்றி.

ரப்பர்காடு:
அந்த பையன் ஊருக்கு போறதுக்கு முன்னாடி அவன் ஆதார் காப்பியும் போன் நம்பரும் வாங்கிட்டீங்களா?

ரப்பர்காடு:
தம்பி?