எஸ்இஎம் உதவி: நிறுவனப் பற்று கூடினால் வேலையை விடும் எண்ணமும் கூடுகிறது என்று வருகிறது

பட்டர்வொர்த் மாணவி

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கில் பகுதிநேரமாக எம்பிஏ படிக்கிறேன். பாயான் லெப்பாஸ், பிறை பக்கம் மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிற 214 பேரிடம் ஷிப்ட் முடிகிற நேரமாகப் பார்த்துப் போய்க் கேள்வித்தாள் வாங்கினேன். எஸ்இஎம் (பல மாறிகளுக்கு இடையே உள்ள தொடர்புகளை ஒரே மாடலில் கணக்கிடும் முறை) போட்டேன், மாடல் சின்னதுதான். மேலாளர் ஆதரவாக இருந்தால் நிறுவனப் பற்று வளரும், அந்தப் பற்று வேலையை விடும் எண்ணத்தைக் குறைக்கும், ஆளின் வாழ்க்கைத் திருப்தியைக் கூட்டும். கம்பெனிக்கு ஒரு விளைவு, ஆளுக்கு ஒரு விளைவு.

ஸ்மார்ட்பிஎல்எஸ் என்கிற எஸ்இஎம் மென்பொருளில் ஓட்டினால் பாதை எண்கள் (பிளஸ் என்றால் ஒன்று கூடும்போது மற்றதும் கூடும், மைனஸ் என்றால் குறையும்) எல்லாம் தலைகீழாக வருகிறது. ஆதரவிலிருந்து பற்றுக்கு −0.52, பற்றிலிருந்து விடும் எண்ணத்துக்கு +0.46, திருப்திக்கு −0.29. பூட்ஸ்ட்ராப் (தரவிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுத்துச் சோதிப்பது) 5000 வைத்துப் பார்த்தேன், மூன்றுமே பி மதிப்பு 0.001க்குக் கீழே, அதாவது தற்செயல் என்று ஒதுக்க முடியாது. ஆனால் ஆதரவிலிருந்து பற்று வழியாக விடும் எண்ணத்துக்குப் போகிற மறைமுக விளைவு மட்டும் −0.24, நான் எதிர்பார்த்த திசையிலேயே. பற்றுக்கு ஏவிஇ (கேள்விகளின் மாறுபாட்டில் மாறி சராசரியாக எவ்வளவை விளக்குகிறது என்பது) 0.53, ஆல்ஃபா (கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது) 0.04! இது இரண்டும் எப்படிச் சேர்ந்து வரும்? பற்றை அளக்கிற ஆறு கேள்விகளில் மூன்றுக்கு லோடிங் (கேள்விக்கும் மாறிக்கும் உள்ள தொடர்பு) மைனஸ்.

வெள்ளிக்கிழமை நான்காம் அத்தியாயம் கொடுக்க வேண்டும். 'பற்று உள்ளவர்கள்தான் அதிகம் வெளியேற நினைக்கிறார்கள்' என்று எழுதி, அதற்கு ஒரு காரணமும் யோசித்து வைத்துவிட்டேன். மனசு ஒப்பவில்லை.

செந்தூல் தம்பி

மைனஸ் லோடிங் வந்த மூன்றையும் தூக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள் அக்கா. 0.70க்குக் கீழே இருந்தால் நீக்கலாம் என்றுதான் எங்கள் வகுப்பில் சொன்னார்கள்.

புள்ளியியல் அக்கா, கோலாலம்பூர்

எதையும் நீக்க வேண்டாம், தங்கச்சி. அந்தக் காரணத்தையும் அத்தியாயத்தில் எழுத வேண்டாம், தயவுசெய்து.

நீங்கள் எடுத்தது மேயர், ஆலன், ஸ்மித் 1993இல் திருத்திய அளவுகோலின் ஆறு கேள்விகள் என்றால், அதில் மூன்று எதிர்மறையாகவே எழுதப்பட்டவை. ஒட்டுதல் இல்லை, குடும்பம் மாதிரி தோன்றவில்லை, இங்கே சேர்ந்தவன் என்கிற உணர்வு இல்லை என்று வரும். அவற்றின் பதில் எண்களைத் திருப்பாமல் (7ஐ 1 ஆக, 6ஐ 2 ஆக மாற்றாமல்) ஏற்றியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் எண்களே அதைக் காட்டிக்கொடுக்கின்றன. ஏவிஇ என்பது லோடிங்கை வர்க்கமாக்கி எடுக்கும் சராசரி, வர்க்கத்தில் மைனஸ் மறைந்துபோகும், அதனால் 0.53 அப்படியே நிற்கிறது. ஆல்ஃபா கேள்விகளுக்கு இடையே உள்ள தொடர்பைக் குறியோடு கூட்டுகிறது. பாதி பிளஸ், பாதி மைனஸ், ஒன்றை ஒன்று அடித்துவிட்டு 0.04இல் வந்து நிற்கிறது. ஏவிஇ நன்றாக இருந்து ஆல்ஃபா மட்டும் செத்துக் கிடந்தால் முதலில் குறியைப் பாருங்கள்.

சரி, பாதைகள் ஏன் கவிழ்ந்தன? மூன்று இந்தப் பக்கம், மூன்று அந்தப் பக்கம் இழுக்கும்போது மாறியின் மேல்முனை எது என்று மென்பொருளுக்குத் தெரியாது. உங்கள் விஷயத்தில் 'பற்று இல்லாமை'யை மேலே வைத்துவிட்டது. மைனஸ் வந்தவை நேரான கேள்விகளாக இருக்கும், போய்ப் பாருங்கள். பற்றைத் தொடுகிற எல்லாப் பாதையும் குறி மாறியிருக்கிறது. மறைமுக விளைவு இரண்டு பாதைகளின் பெருக்கல், இரண்டு குறியும் சேர்ந்து மாறினால் பெருக்கல் மாறாது. அதனால்தான் அது மட்டும் சரியாகத் தெரிகிறது. செந்தூல் தம்பி சொன்னபடி மைனஸை மட்டும் நீக்கியிருந்தால் நல்ல கேள்விகள் மூன்றும் போய், மிச்சம் இருப்பது 'பற்று இல்லாமை'யாக இருந்திருக்கும், மாடலின் மேல் மட்டும் 'பற்று' என்று பெயர் இருந்திருக்கும். ஏமோஸ் என்கிற இன்னொரு எஸ்இஎம் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களும் கவனிக்கணும், லோடிங்கை 1 என்று நிலைநிறுத்தும் கேள்வி எதிர்மறையாக இருந்தால் அங்கேயும் இதே கதை.

திருப்புவதற்கு, ஏழு புள்ளி அளவு என்றால் 8இலிருந்து பதிலைக் கழியுங்கள். 7இலிருந்து கழித்துவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அப்படிச் செய்தால் 0 வந்துவிடும்.

பட்டர்வொர்த் மாணவி

அக்கா, நேற்று இரவே திருப்பி ஓட்டினேன். மைனஸ் வந்தவை நேரான கேள்விகளேதான்! இப்போது ஆதரவு-பற்று +0.52, பற்று-விடும் எண்ணம் −0.46, திருப்தி +0.29. எண் அப்படியே, குறி மட்டும் மாறியது. ஆல்ஃபா 0.81. நேரான மூன்றும் 0.84, 0.81, 0.79. எதிர்மறை மூன்றும் 0.74, 0.61, 0.55. கடைசி இரண்டை இப்போதாவது நீக்கலாமா?

புள்ளியியல் அக்கா, கோலாலம்பூர்

0.40க்கும் 0.70க்கும் நடுவே இருப்பதை, நீக்கினால்தான் ஏவிஇயோ கூட்டு நம்பகத்தன்மையோ வரம்பைத் தாண்டும் என்றால் மட்டும் நீக்குவது வழக்கம். உங்களுக்கு ஏவிஇ ஏற்கெனவே 0.50க்கு மேலே, அதனால் வைத்துக்கொள்ளுங்கள். எச்டிஎம்டியும் (இரண்டு மாறிகள் உண்மையிலேயே வேறுவேறுதானா என்று காட்டும் எண்) பாருங்கள். பற்றும் விடும் எண்ணமும் எதிரெதிர் முனைபோல இருப்பதால் அந்த ஜோடி 0.85க்குக் கீழே இருக்கிறதா என்று தேர்வாளர் கட்டாயம் கேட்பார்.

பிறை, கியூசி பிரிவு

நான் ஆய்வாளன் இல்லை, இந்த மாதிரிப் பாரங்களை நிரப்புகிற ஆள். உங்கள் தமிழ்ப் பாரத்தில் 'இந்த நிறுவனத்தோடு எனக்கு ஒட்டுதல் இல்லை' என்று கேட்டு, பதிலில் 'ஒத்துக்கொள்ளவில்லை' என்று இருந்ததா? ஒட்டுதல் இருக்கிறது என்று சொல்ல, இல்லை என்பதை இல்லை என்று சொல்லணும். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வருகிறவர் அதைப் பிரித்துப் படிக்க மாட்டார் அம்மா, மேலே போட்ட எண்ணையே கீழேயும் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவார். நாங்கள் அப்படித்தான் செய்வோம், கெட்ட எண்ணத்தில் இல்லை.

பட்டர்வொர்த் மாணவி

அண்ணே, சரியாகச் சொன்னீர்கள். தமிழ்ப் பாரத்தில் அப்படியேதான் இருந்தது, மலாய்ப் பாரத்திலும் 'தீடாக்' (இல்லை) இரண்டு முறை வந்திருக்கிறது. திருப்புவதற்கு முந்தைய எக்செலைத் திறந்து வரிசை வரிசையாகப் பார்த்தேன். 11 பேர் ஆறு கேள்விக்கும் ஒரே எண், பெரும்பாலும் 6. அவர்களை விட்டுவிட்டு 203 பேரை வைத்து ஓட்டினால் 0.61, 0.55 இரண்டும் 0.66 ஆகின்றன, பற்று-விடும் எண்ணம் −0.48. எச்டிஎம்டியும் 0.85க்குள் இருக்கிறது.

புள்ளியியல் அக்கா, கோலாலம்பூர்

நல்லது. இரண்டு ஓட்டத்தையும் அத்தியாயத்தில் காட்டுங்கள், 214 பேருக்கும் 203 பேருக்கும். எந்த அடையாளத்தை வைத்து 11 பேரை விலக்கினீர்கள் என்று மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பத்தி எழுதுங்கள். பிறை அண்ணன் சொன்னதைக் கேள்வித்தாளின் குறையாக எழுதுங்கள். பதில் சொன்னவர்களின் அலட்சியம் என்று எழுதிவிடாதீர்கள்.

பட்டர்வொர்த் மாணவி

எழுதிக்கொண்டிருக்கிறேன் அக்கா. யோசித்து வைத்த அந்தக் காரணத்தை நீக்கியாச்சு. அண்ணே, அடுத்த பாரத்தை அச்சடிக்கும் முன் உங்களிடம் ஒருமுறை காட்டலாமா?

பிறை, கியூசி பிரிவு

தாராளமாக அம்மா. ஞாயிற்றுக்கிழமை அனுப்புங்கள், அன்றைக்கு எனக்கு ஓவர்டைம் இல்லை.