நம்ம வீட்டுக் குழு: பாதி பாதியா தேடு

தம்பி: அக்கா, முழிச்சிருக்கியா? என் புரோகிராம்ல மொத்தத் தொகை தப்பா வருது. போன மாசம் சரியா இருந்துச்சு. நடுவுல 500 கமிட் (சேமிச்ச மாற்றம்) போயிருக்கு, மதியத்துலேர்ந்து ஒண்ணொண்ணா பார்த்துட்டு வர்றேன்.

அக்கா: ஒண்ணொண்ணாவா? நிறுத்துடா! மாற்றங்களைச் சேமிச்சு வைக்கிற கிட்ல (Git) பைசெக்ட்னு ஒரு கட்டளை இருக்கு. சரியா இருந்த கமிட் ஒண்ணு, கெட்டுப்போன கமிட் ஒண்ணு காட்டு. நடுவுல இருக்கிறதை அதுவே எடுத்துக் குடுக்கும். நல்லதா கெட்டதான்னு நீ சொல்லச் சொல்ல பாதி பாதியா கழியும். 512 கமிட்டே இருந்தாலும் 9 தடவை, அவ்ளோதான்.

அம்மா: அகராதியில வார்த்தை தேடுற மாதிரியா?

அக்கா: அதேதான்மா!

சித்தப்பா: அதுக்கு முன்னாடி தப்பைத் தானாவே காட்டுற டெஸ்ட், அதாவது சோதனை நிரல் ஒண்ணு எழுதிக்கோப்பா. கண்ணால பார்த்துச் சொன்னா, ஒரு தடவை அசந்தாலும் சம்பந்தமில்லாத கமிட்ல போய் நிப்ப.

தம்பி: சரி சித்தப்பா.

தம்பி: கிடைச்சிடுச்சு!! முழு எண்ணா இருந்த தொகையை யாரோ ஃப்ளோட்டா, அதாவது தசம எண்ணா மாத்தியிருக்காங்க. 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினா 0.30000000000000004 வருது. 0.3க்குச் சமமான்னு கேட்டா இல்லேங்குது.

சித்தப்பா: மூணுல ஒரு பங்கை நாம 0.333ன்னு எழுதிக்கிட்டே போறோம்ல, கணினியோட பைனரியில, அதாவது 0, 1 மட்டுமே இருக்கிற எண்முறையில, 0.1க்கு அந்த கதி. பணத்தை எப்பவும் பைசா மாதிரி சின்ன அலகுல முழு எண்ணா வை. அந்த டெஸ்ட்டை அழிச்சிடாதே.

தம்பி: இதுக்கெல்லாம் எந்தப் புத்தகம் படிக்கலாம்?

சித்தப்பா: எனக்குக் கண்ணைத் திறந்தது ஜான் பென்ட்லி எழுதின 'புரோகிராமிங் பேர்ல்ஸ்', 1986ல வந்தது. வரிசைப்படுத்தின பட்டியல்ல இதே மாதிரி பாதி பாதியா தேடுற 'பைனரி சர்ச்' முறையை எடுத்துக்கிட்டு, ஒவ்வொரு வரியும் ஏன் சரின்னு நிரூபிச்சுக்கிட்டே போவார்.

அக்கா: சித்தப்பா, அந்த ஜாவா மொழிக் கதையையும் சொல்லுங்க.

சித்தப்பா: ஆமா. ஜாவாவோட நூலகத்துல, அதாவது ஆயத்த நிரல் தொகுப்புல, பைனரி சர்ச் எழுதின ஜோஷுவா பிளாக், அதுல தப்பு இருக்குன்னு 2006ல அவரே வெளிப்படையா எழுதினார். புத்தகத்துல இருந்த அதே தப்பு. நடு இடத்துக்கு, தேடுற பகுதியோட தொடக்க இடமான லோவையும் கடைசி இடமான ஹையையும் கூட்டி ரெண்டால வகுப்போம்ல? கூட்டினது 2,147,483,647ஐத் தாண்டினா, அதுக்கு மேல தாங்காத 32 பிட் முழு எண் மைனஸாயிடும். வரிசையில சுமார் 107 கோடி உறுப்பு இருந்தாத்தான் இது தலைகாட்டும். அதனால வருஷக்கணக்கா யாருக்கும் தெரியல.

தம்பி: நிரூபிச்சும் தப்பா?

சித்தப்பா: கணக்குல எண்ணுக்கு எல்லை கிடையாது, கணினியில உண்டு. இன்னிக்கு ஃப்ளோட் உனக்குக் காட்டினதும் அதைத்தான்.

அக்கா: லோ + (ஹை − லோ) / 2ன்னு எழுதினா தப்பிச்சுக்கலாம். படிக்கிறப்போ புத்தகத்தை மூடி வெச்சுட்டு நீயே எழுதிப் பாரு. நான் முதல்ல எழுதினது, ஒரே ஒரு உறுப்பு இருந்த வரிசையில முடியாம சுத்திக்கிட்டே இருந்துச்சு.

தம்பி: காலி வரிசையும் குடுத்துப் பார்க்கிறேன். முதல்ல தொகையை முழு எண்ணுக்கு மாத்திட்டு டெஸ்ட்டை ஓட்டிடறேன்.

அம்மா: டெஸ்ட் தேறி பச்சை வந்ததும் சொல்லுப்பா, அப்புறம்தான் படுப்பேன்.

தம்பி: வந்துடுச்சும்மா.